சிரசு மறுநாள் மாடியில் எந்த நாயகன்?

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலை ஊர்வலமாக வரும் நாள். தீபாவளிக்கு வராத சொந்தக்காரர்கள்கூட அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆம்பூரிலிருந்து மாமா குடும்பம், காட்பாடியிலிருந்து பெரியக்கா, பெங்களூரிலிருந்து தம்பியும் அவன் பிள்ளைகளும் வருவார்கள். சிரசு முடிந்த மறுநாள் ராத்திரி மாடியில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் போடுவது சில வருஷங்களாக வழக்கம். எந்தப் படம் என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

இந்த வருஷம் பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டுவிட்டார்கள்: சூப்பர் ஹீரோ படம் வேண்டும், அதுவும் அவன் எப்படி சூப்பர் ஹீரோ ஆனான் என்று காட்டுகிற முதல் கதை வேண்டும். எழுபத்தெட்டு வயது ஆயா ஒரே நிபந்தனைதான் போட்டாள். "எனக்கும் புரியற மாதிரி போடுடா. போன தபா மாதிரி பாதியில எழுந்து போவ வச்சிடாத."

என் கையில் நான்கு படங்கள் இருக்கின்றன: 1978இல் வந்த 'சூப்பர்மேன்', 2002இல் வந்த 'ஸ்பைடர்மேன்', 2005இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்', 2021இல் வந்த மலையாளப் படமான 'மின்னல் முரளி'. நான்கையும் இதே குடும்பத்தில் யாராவது சிலரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எந்த இடத்தில் தண்ணீர் குடிக்க எழுந்தார்கள் என்பது நினைவிருக்கிறது. அதை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறேன்.

போன தபா ஆயா எழுந்து போனது 'பேட்மேன் பிகின்ஸ்' படத்துக்கு. கிறிஸ்டோபர் நோலன் அந்தக் கதையை நேர்வரிசையில் சொல்வதில்லை. வௌவால்களுக்கு நடுவே கிணற்றில் விழும் சிறுவன், அடுத்து எங்கோ ஒரு சிறையில் தாடி வளர்ந்த ஆள், பிறகு பனிமலை, மறுபடி சிறுவன் என்று முன்னும் பின்னுமாகப் போகும். தனியாக உட்கார்ந்து பார்த்தபோது அந்த அடுக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. பயத்தைப் பயத்தாலேயே வெல்வது என்ற ஒரே எண்ணத்தைக் கிணற்றிலிருந்து முகமூடி வரை இழுத்துக்கொண்டு போகிறார். ஆனால் மாடியில் இருபது பேர் இருக்கிறார்கள், ஒருவர் மோர் கேட்கிறார், ஒரு குழந்தை அழுகிறது. அங்கே ஒரு முடிச்சை விட்டால் அதற்குப் பிறகு எல்லாமே விட்டுப்போகும். கவசமும் முகமூடியும் முழுசாகத் திரைக்கு வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் சின்னவன் தூங்கிவிட்டான். தூங்காத பெரியவள், பயத்தைக் கிளப்பும் புகை வரும் காட்சிகளில் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நல்ல படம்தான், எங்கள் மாடிக்குச் சேராது. இந்தப் பட்டியலிலிருந்து முதலில் கழிப்பது இதைத்தான்.

'சூப்பர்மேன்' விஷயத்தில் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கொண்டுவந்த பாத்திரம் அது. அழியப்போகும் ஒரு கோளிலிருந்து பச்சைக் குழந்தையை ஒரு கலத்தில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதைக் கண்டெடுத்து வளர்ப்பவர்கள் பிள்ளையில்லாத ஒரு குடியானவத் தம்பதி. இதை வாய்வார்த்தையாக ஆயாவிடம் சொன்னபோது, நான் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்: "நம்ப கர்ணன் கதை. குந்தி ஆத்துல உட்டா, இவங்க வானத்துல உட்டிருக்காங்க." அந்த ஒரு வரியிலேயே படத்தின் பாதி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

ஆனால் எனக்கு அது கிடைத்திருப்பது ஆங்கிலத்தில்தான். படமும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். கிறிஸ்டோபர் ரீவின் முகம் தெரியவே சுமார் முக்கால் மணி நேரம் ஆகும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கால வித்தைக் காட்சிகள் மெதுவாகத் தெரிகின்றன. விடுமுறையில் ஒருநாள் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துத் தொடக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். அரைமணிக்குள் "எப்ப மாமா பறப்பாரு?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு காட்சியை மட்டும் அவர்களுக்குத் தள்ளிப் போட்டுக் காட்டினேன். வளர்ப்புத் தந்தை மாரடைப்பில் விழுந்து இறக்கிறார். இத்தனை பலம் இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று பையன் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கிறான். பறப்பதைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. அந்த அமைதியை நான் குறித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வகைக் கதை புதிதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முந்தின நாள் தெருவெல்லாம் தேங்காய் உடைத்து, மாலை போட்டு, தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பார்க்கப்போகும் சிரசே ஒரு தெய்வம் உருவான கதைதான். கெங்கையம்மனாக நாங்கள் கும்பிடும் ரேணுகா ஒரு முனிவரின் மனைவி, ஆற்று மணலில் குடம் வனைந்து தண்ணீர் மொண்டு வருகிறவள். நீரில் தெரிந்த ஒரு கந்தர்வனின் நிழலைக் கண்டு மனம் ஒரு கணம் அசைய, அந்தச் சக்தி போய்விடுகிறது. அப்பன் சொல்லைத் தட்டாத மகன் பரசுராமன் தாயின் தலையைத் துணிக்கிறான். பிறகு அவளையே வரமாகக் கேட்டு மீட்கும்போது தலை வேறொருத்தியின் உடலில் சேர்ந்துவிடுகிறது. அந்தத் தலையைத்தான் ஊர் முழுக்க ஊர்வலமாகத் தூக்கிப் போய்க் கோபாலபுரத்துக் கோயிலில் உடலோடு சேர்க்கிறார்கள். இதில் வெற்றி முழக்கம் எங்கே இருக்கிறது? ஒரு தவறு, ஒரு கொடுமை, ஒரு இழப்பு, அதற்கு அப்புறம்தான் சக்தி. இந்தக் கதையைப் பிள்ளைப் பருவத்திலிருந்து நெஞ்சில் வைத்திருப்பவர்கள், நாயகனுக்குச் சும்மா பலம் வந்துவிட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எதைக் கொடுத்தான் என்று கேட்பார்கள். நான்கு படங்களையும் நான் தராசில் வைப்பது இந்தக் கேள்வியோடுதான்.

அந்தக் கேள்விக்கு 'ஸ்பைடர்மேன்' உடனே பதில் சொல்கிறது. சாம் ரெய்மியின் படம். முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அதுதான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் உருவாக்கிய மூலக்கதையில் நூல் விடும் கருவியைப் பையனே செய்துகொள்வான். ரெய்மி அதை மாற்றி, நூல் மணிக்கட்டிலிருந்தே வருவதாக வைத்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய சந்தோஷம். படம் பார்த்த ஒரு வாரம் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே சிலந்தி கடித்துவிடும், இரண்டே மணி நேரத்தில் முடிந்தும்விடும். தமிழ் பேசும் பிரதி இருக்கிறது. பிள்ளைகள் பக்கம் இதற்கு நூற்றுக்கு நூறு.

ஆனால் அந்தப் படத்தின் உயிர்நாடியான இடத்தில் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஊரடங்கு நாட்களில் தொலைக்காட்சியில் ஆயாவோடு பார்த்தேன். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3000 டாலர் என்று சொல்லி மல்யுத்தத்துக்கு அழைக்கிறார்கள். பையன் இரண்டு நிமிடத்திலேயே ஜெயித்துவிடுகிறான். அதைக் காரணம் காட்டி நடத்துபவன் 100 டாலரை மட்டும் கையில் திணிக்கிறான். உடனே அந்த ஆளைக் கொள்ளையடித்துவிட்டு ஒருவன் ஓடிவருகிறான். பையன் தடுக்காமல் வழிவிடுகிறான். தப்பிப் போனவன்தான் பையனின் பெரியப்பாவைச் சுட்டுக் கொல்கிறான். தான் செய்யாமல் விட்டதற்கு வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்கிறவனாக அவன் மாறுவது இந்த இடத்தில்தான். உலகம் முழுக்கப் பார்த்தவர்கள் பையனின் குற்ற உணர்ச்சியோடு சேர்ந்துகொண்ட இடம் அது.

ஆயா சேரவில்லை. "மூணாயிரம் தர்றேன்னு சொல்லிட்டு நூறு குடுக்கறான். அவன் பணம் போச்சுன்னா இவன் இன்னாத்துக்குப் புடிக்கணும்? நல்லா வேணும் அவனுக்கு." நாற்பது வருஷம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவள் ஆயா. ஆயிரம் பீடிக்குக் கூலி பேசி, கட்டுக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இது சரியில்லை அது சரியில்லை என்று கழித்துவிட்டு மீதிக்குக் கணக்குப் பார்ப்பார்கள். அந்த நாட்களெல்லாம் அவள் விரல் நுனியில் இன்னும் இருக்கின்றன. கூலியில் ஏமாற்றியவனிடம் நியாயம் கேட்காத கதை அவளுக்கு அரைக் கதைதான். பெரியப்பா செத்ததற்கு அழுதாள். அந்தச் சாவுக்குப் பையன்தான் காரணம் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அதன் பிறகு அந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. படத்தின் மேல் மரியாதை குறைந்தது என்று அர்த்தமில்லை. இரண்டு தப்பு ஒரே நிமிடத்தில் நடக்கிறது, படம் ஒன்றை மட்டும் எண்ணுகிறது என்பது குடியாத்தத்தில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

இன்னொரு சங்கடம் சிறியது. மழையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முத்தமிடும் காட்சி. அத்தைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சமையலறையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அதைச் சமாளித்துவிடலாம்.

இப்போது 'மின்னல் முரளி'. பேசில் ஜோசஃப் இயக்கி 2021 டிசம்பர் 24 அன்று நேராக நெட்ஃபிளிக்ஸில் வந்த படம். தமிழிலும் பேசும். குறுக்கன்மூலை என்ற கேரளக் கிராமத்தில் ஜெய்சன் என்ற தையல்காரன் அமெரிக்கா போகும் கனவோடு இருக்கிறான். அதே ஊரில் டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு என்பவனை ஊரே ஒதுக்கிவைத்திருக்கிறது. ஒரே ராத்திரி இருவர் மீதும் மின்னல் விழுகிறது. இருவருக்கும் ஒரே பலம். ஒருவன் நாயகன் ஆகிறான், மற்றவன் எதிராளி ஆகிறான்.

மற்ற படங்களில் வில்லனுக்கும் ஒரு பழைய கதை இருக்கும், நாயகனின் கதைக்கு ஓரமாக இருக்கும். இங்கே இரண்டு கதைகளும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. சொல்லப்போனால் ஷிபுவின் தட்டுதான் கனம். உஷா என்ற பெண்ணுக்காக 28 வருஷம் காத்திருந்தவன் அவன். அவளுடைய குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். கேட்டால் கொடுக்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை. அதனால் வங்கியில் கை வைக்கிறான். பலம் வந்தது ஊரை அழிக்க அல்ல, ஒரு குழந்தையைப் பிழைக்க வைக்க என்றுதான் அவன் பக்கத்துக் கதை தொடங்குகிறது. உஷா அவனோடு வாழ வருவதாகச் சொல்லும் இடத்தில், ஷிபுவாக நடித்த குரு சோமசுந்தரத்தின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒன்றாகப் பொங்கி வரும். 2021 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆம்பூர் வீட்டில் இதைப் பார்த்தபோது, ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்த என் மாமா, எந்தப் படத்துக்கும் கண் கலங்காதவர், எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தைதான் சொன்னாள்: "இவன எப்படி வில்லன்னு சொல்றது?"

இந்த நடிகர் எங்கிருந்து வருகிறார் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையில் பயின்றவர். அந்த நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமிக்கு ஊக்கம் தந்தது எங்கள் வடாற்காட்டுத் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்து வாத்தியார்களோடு அந்தக் குழுவுக்கு நெருக்கமான உறவு இருந்தது. இன்றைக்குப் புரிசை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989இல் பிரிப்பதற்கு முன்னால் எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். (2023இல் வந்த 'மாவீரன்' படத்தில் நாயகனின் காதில் ஒலிக்கும் குரல் விஜய் சேதுபதியுடையது. அவரும் ஒரு காலத்தில் அதே கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதியவர். அந்தப் படமும் கோழை ஒருவன் வீரனாகும் கதைதான். வீட்டில் எல்லாரும் பார்த்துவிட்டதால் பட்டியலில் சேர்க்கவில்லை.)

கூத்தில் ஒரு வேஷம் சபைக்கு வரும் முறையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்பார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய ஆள் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கட்டியக்காரன் நீ யார், எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை என்று கேட்பான். வந்தவர் தன் பிறப்பையும் வளர்ப்பையும் பெருமையையும் சொன்ன பிறகுதான் திரை விலகும். முக்கியமான விஷயம், இந்த மரியாதை அர்ச்சுனனுக்கு மட்டுமில்லை, துரியோதனனுக்கும் உண்டு. கர்ண மோட்சத்தில் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போகும் கர்ணனுக்காக விடிய விடிய உட்கார்ந்து அழுகிற பெண்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனுக்கும் ஒப்பாரி வைக்கிற ஊர்கள் இவை. தோற்கப் போகிறவனின் வாயிலிருந்தும் கதையைக் கேட்க வேண்டும் என்று பழகிய பார்வையாளர்கள் இவர்கள். ஷிபுவுக்குத் திரை பிடித்த படம் இது ஒன்றுதான்.

இதை யோசிக்கும்போது 2024இல் வந்த தெலுங்குப் படம் 'ஹனுமான்' நினைவுக்கு வருகிறது. அதன் வில்லன் சிறுவனாக இருக்கும்போது, சூப்பர் ஹீரோக்களுக்கெல்லாம் அப்பா அம்மா இருப்பதில்லை என்று நினைத்துத் தன் பெற்றோரையே கொன்றுவிடுகிறான். இழப்புதான் நாயகனை உண்டாக்கும் என்ற சூத்திரத்தை ஒரு பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று காட்டிய இடம் அது. என் மனதில் ஆழமாகத் தைத்தது. எங்கள் பட்டியலிலேயே சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் மூவரும் பெற்றோரை இழந்தவர்கள். இழப்பு வெறும் தகுதிச் சான்றிதழாக ஆகிவிட்டால் பார்க்கிறவர் மனம் விலகிவிடும். மின்னல் முரளியில் இழப்பு அப்படி இல்லை. ஜெய்சனுக்கு மின்னலுக்கு முன்னாலும் பின்னாலும் அதே அவமானம், அதே காதல் தோல்வி. பலம் வந்த பிறகும் அதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்லித் தருவது அவன் அக்கா பிள்ளை, சூப்பர் ஹீரோ படங்களாகப் பார்த்துத் தள்ளிய ஒரு சிறுவன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவனைப் பார்த்தால் போதும், தங்களுக்கும் ஒரு மாமன் கிடைத்துவிடுவான்.

குறைகளும் உண்டு. 158 நிமிடம். நடுவில் போலீஸ் மாப்பிள்ளை வரும் சில காட்சிகளைச் சுருக்கியிருக்கலாம். தீ வரும் இடங்கள் எட்டு வயசுச் சின்னவனுக்குக் கடினம். முன்கூட்டியே அவன் அம்மாவிடம் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பறப்பது, கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவது போன்ற பெரிய வித்தைகளை எதிர்பார்க்கும் பிள்ளைக்கு இந்தப் படத்தின் சண்டைகள் சின்னதாகத் தெரியலாம். பத்து வயசுக்குக் கீழே உள்ளவர்கள் மட்டும் கூடியிருக்கும் வீடு என்றால் நான் யோசிக்காமல் 'ஸ்பைடர்மேன்' போட்டுவிடுவேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். பதினைந்து வயசுக்கு மேற்பட்ட நான்கு பேர், அமைதியான அறை, நல்ல ஒலி இருந்தால் 'பேட்மேன் பிகின்ஸ்' நிச்சயம் பார்க்க வேண்டிய படம்.

எங்கள் மாடியில் ஆயாவும் இருப்பாள், அத்தைகளும் இருப்பார்கள், பெங்களூர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால் 'மின்னல் முரளி'தான். திரையரங்கில் கூட்டத்தோடு பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காமல் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்த படத்தை, இருபது பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதில் எனக்குத் தனி ஆசையும் இருக்கிறது. சின்னவனுக்காக மறுநாள் காலை கூடத்தில் தொலைக்காட்சியில் ஸ்பைடர்மேன் உண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏழரைக்கு ஆரம்பம். வேலூர் வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தளம் அதற்குள் ஆறாது. சாயங்காலமே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். கரண்டு போனால் இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும் என்று தம்பி சொல்கிறான். ஆயாவின் கயிற்றுக் கட்டிலை முன்வரிசையில், தண்ணீர்த் தொட்டி ஓரம் போடச் சொல்லியிருக்கிறேன். அங்கேதான் காற்று வரும். ஷிபு கூத்து வழியில் வந்த ஆள் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.